வெயில் ஆகாத உடம்பு

வெளிச்சம் பட்டால் சுடுகிற மருந்தொன்றை என் உடம்பில் ஏற்றி, முப்பது நாள் வெயிலில் முகம் காட்டாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் காட்டிவிட்டேன். ஏன் காட்டினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வாய் வலித்துப்போய்விட்டது. ஒரேயடியாக ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஆடி மாதம். என் இடப்பக்க மார்பை எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெட்டித் தைத்த தழும்பின் மேலேயே அந்தப் புற்று மறுபடி சிவந்து சிவந்து முளைத்தது. "இது பொல்லாத வகை. நின்று யோசிக்க நேரம் தராது" என்றார் கொழும்பு ஆஸ்பத்திரி டொக்டரம்மா. தலைமயிரைக் கொட்டவைக்கிற மருந்தெல்லாம் ஏற்றிப் பார்த்தார்கள். மயிர் போனது, அது போகவில்லை. அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து வந்த சிலரோடு சேர்ந்து புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சம்மதமா என்று ஒரு கடதாசியை நீட்டினார்கள். சீதேவிப்பிள்ளை என்று முழுப் பெயரையும் நீட்டி எழுதிக் கொடுத்தேன். சம்மதம் கேட்டு ஒருவர் என் முன்னால் நின்றதே அந்த நோய் வருத்தம் வந்த பிறகுதான்.

காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் ஒரு மருந்தைக் கையில் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து, என்னைப் படுக்கவைத்து, மாதுளம் முத்தைப் போலச் சிவந்த ஒரு விளக்கைத் தழும்பின் மேல் பிடித்தார்கள். சத்தமில்லை, கத்தியில்லை. சிவப்பு மட்டும் என் நெஞ்சில் அசையாமல் கிடந்தது. டொக்டரம்மா பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினார்.

"சீதேவி, இந்த மருந்து உடம்புக்குள்ள சும்மா நித்திரை கொள்ளும். வெளிச்சம் பட்டாத்தான் எழும்பும். எழும்பினா பக்கத்தில இருக்கிறதச் சுடும். கட்டியில அது கூட நாள் தங்கும். அதாலதான் விளக்கக் கட்டிக்கு நேர பிடிக்கிறம். ஆனா தோல் முழுக்கவும் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கிடக்கும். அதுக்குக் கட்டி எது, கன்னம் எது எண்டு தெரியாது."

வீட்டு விளக்கு வெளிச்சம் நல்லது, அது மருந்தைச் சிறுகச் சிறுகக் கரைக்கும், வெயில்தான் ஆகாது என்றும் சொன்னார். என் இரத்தம் மெலிந்து கிடக்கிற நேரத்தில் முகமும் கையும் வெந்தால் உடம்பு தாங்காது, ஆளே போய்விடலாம் என்றும் சொன்னார். என் மனுசன் வினாயகமூர்த்திக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அவர் அரிசி மில்லில் மூட்டை தைக்கிறவர். எந்தக் கவலையையும் சாக்கூசியால் தைத்து முடித்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். இரண்டு சாக்கை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, உள்ளே கறுப்புக் குடைத்துணி வைத்து, முழங்கால் வரை விழும்படி எனக்கு ஒரு உறை தைத்தார். கண்ணுக்கு நேரே விரலகலத்தில் இரண்டு கீறல். பகலில் வளவுக்குப் பின்னால் இருக்கிற கக்கூசுக்குப் போவதற்கு அது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு போனபோது எங்கள் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கக்கூஸ் வாசலில் காவல் நின்றார்.

அறை ஜன்னலுக்குப் பலகை அடித்தார். ஓட்டுக்குக் கீழே தார்க்கடதாசி ஒட்டினார். கதவுப் பூட்டின் திறப்பு ஓட்டையைச் சவர்க்காரத்தால் அடைத்தார். டொக்டரம்மா சொன்ன விளக்கு வெளிச்சத்தைக் கேட்டு வாங்க நான் ஐந்து நாள் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. "வெளிச்சம் வெளிச்சம்தானே புள்ள" என்பார். ஆறாம் நாள் ஒரு குப்பி விளக்குக் கிடைத்தது, அதுவும் அறையின் தூரத்து மூலையில், ஏதோ கடிக்கிற நாயைக் கட்டிவைத்ததைப் போல.

அந்த அறையில் நாட்களுக்கு விளிம்பு இல்லாமல் போனது. நித்திரையா விழிப்பா என்று தெரியாமல் கிடப்பேன். ஊரை ஒட்டிக் கிடக்கிற வாவியில் துடுப்புத் தட்டுகிற சத்தம் என் கட்டிலுக்குக் கீழே கேட்கும். கண்ணை மூடினால் தோலுக்கு அடியில் அந்தச் சிவப்பு மெல்ல ஊர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். ஒரு தரம் நான் வாவி அடியில் படுத்திருந்தேன், மேலே தோணிகள் போயின, யாரோ என் பெயரைச் சொல்லித் தண்ணீரைக் கையால் அளைந்தார்கள். பயமாக இருக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக விடியலில் எழும்பிச் சமைத்தவளுக்கு, சும்மா கிடப்பதும் ஒரு சுகம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பலகையில் ஒரு ஆணி கழன்று விழுந்த ஓட்டை அவர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. எட்டாம் நாள் காலை அதைக் கண்டுபிடித்தேன். ஓட்டையை அல்ல, எதிர்ச் சுவரில் அது வரைந்த படத்தை. எங்கள் வேலிக் கடப்பும், முன்னால் போகிற ஒழுங்கையும், அங்காலே நிற்கிற தென்னைகளும் மங்கலாக, நிறத்தோடு, தலைகீழாகச் சுவரில் விழுந்திருந்தன. வானம் நிலத்தோடு கிடந்தது. சைக்கிளில் போனவர் கூரையோடு உருண்டு போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மனுசனிடம் சொல்லவில்லை. சொன்னால் சவர்க்காரத்தோடு வந்துவிடுவார்.

ஒவ்வொரு நாளும் எட்டு மணிபோல அருமைநாயகம் வாவியிலிருந்து அந்தச் சுவர் வழியாக வீட்டுக்குப் போவார், தலை கீழே, கால் மேலே, தோளில் ஈர வலை. எங்கள் கடப்புக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். வீட்டைப் பார்ப்பார். பிறகு போய்விடுவார். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நின்றார், அதற்கடுத்த நாளும் நின்றார்.

அருமைநாயகம் எனக்கு மாமி மகன், மச்சான் முறை. பதினொரு வருடமாக அவரோடு எனக்குப் பேச்சுப் பறைச்சல் இல்லை. என் தங்கை சின்னத்தங்கத்துக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டார் இவரிடம் வந்து எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள். இவர், "எல்லாம் நல்லம், தாய் மட்டும் மார்பு வருத்தத்தில செத்தவ" என்று சொல்லிவிட்டார். பரம்பரை வருத்தம் என்று பயந்து அவர்கள் விலக, சம்பந்தம் நின்றுபோனது. உள்ளதைத்தானே சொன்னேன் என்றார். உள்ளதைச் சொல்ல உனக்கு வேறு வீடு கிடைக்கவில்லையா என்று நடு ஒழுங்கையில் நின்று நான் மண்ணள்ளித் தூற்றினேன். தங்கைக்குப் பிறகு வேறிடத்தில் நல்லபடி நடந்து மூன்று பிள்ளைகளும் ஆகிவிட்டன. அவள் எப்போதோ மறந்துவிட்டாள். கோபம் எனக்குத்தான் சொத்தாக மிஞ்சியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்பில் முதல் கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோது எனக்கு மரணம் நினைவுக்கு வரவில்லை, அருமைநாயகத்தின் முகம்தான் வந்தது. அந்த மனிதன் சொன்னது சரியாகிவிடக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக ஆறு மாதம் யாருக்கும் சொல்லாமல் மறைத்தேன். டொக்டரம்மா ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்டபோது, பாதை பூட்டு, சண்டை என்று நாட்டின் மேல் பழியைப் போட்டேன். நாட்டுக்கு அது பெரிய பாரமில்லை. உண்மையில் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் வீம்பு. அந்த இருட்டில் கிடந்து, சுவரில் தலைகீழாக நிற்கிற அந்த மனிதரைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாரத்தில் என் கோபம் கரைந்துபோனது. முப்பது நாள் முடிந்ததும் கடப்புக்குப் போய் "வாங்க மச்சான்" என்று சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்த இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை வெள்ளாப்பில் ஒலிபெருக்கி வந்தது. ஊரை ஆமி சுற்றிவளைத்திருக்கிறது, ஒருவரும் வீட்டில் இருக்கக்கூடாது, எல்லோரும் பள்ளிக்கூட முன்றலுக்கு வரவேண்டும். எங்கள் ஊருக்கு அது புதிதல்ல. ஆனால் இந்த முறை நான் வெயிலில் போக முடியாதவள்.

"நான் போகல. உன்னோட இருக்கன்" என்றார் மனுசன்.

"வீட்டுக்க ஆம்பிளை ஆள் ஒளிச்சிருந்தாக் கேள்வி இல்லாமச் சுடுவானுகள். நீங்க போங்க. எனக்கு டொக்டரம்மாட கடிதம் கிடக்கு. மறுகா நான் பாத்துக்கொள்ளுவன்."

பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். எட்டு மணிபோல வீடு சோதிக்கிறவர்கள் வந்தார்கள். கதவைத் திறந்த ஆமிக்காரன் என்னைக் கண்டு பின்னுக்குப் பாய்ந்து துவக்கை நீட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த இளம் கெப்டன் கடிதத்தை வாங்கி, குப்பி விளக்கடியில் போய் முழுவதையும் வாசித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, வீட்டுல ஆள் இருக்க ஏலா. அது ஓடர். சாக்கு போட்டு வாங்க. நிழலில வைக்கிறன்" என்று உடைந்த தமிழில் சொன்னான். கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு ஆமிக்காரன் என் முழங்கையைச் சாக்கோடு பிடித்துக்கொண்டு நடந்தான். பத்தொன்பது நாளுக்குப் பிறகு வெளியுலகம் இரண்டு கீறலுக்குள்ளால் வந்தது. தென்னைகள் நேராக நிற்பதே எனக்குப் புதினமாக இருந்தது. மண் வெள்ளையாக எரிந்தது, வேலியெல்லாம் ஒளியில் மிதந்தது. நடக்கிறேனா, தூக்கிக்கொண்டு போகிறார்களா என்று தெரியவில்லை. சொர்க்கத்துக்குப் போகிற பாதை இப்படித்தான் இருக்குமாக்கும், ஆமிக்காரன் மட்டும் இருக்கமாட்டான் என்று நினைத்துச் சாக்குக்குள் சிரித்துக்கொண்டேன்.

வகுப்பறைகளில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இடமில்லை என்று கண்டு, கெப்டன் முன்றலில் வாகை மரத்தின் கீழ் ஜீப்புக்குப் பக்கத்தில் வாத்தியாரின் கதிரை ஒன்றைப் போடச்செய்து என்னை இருத்தினான். அப்போது அவன் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. அடுத்த ஒழுங்கைக்கு ஓடிவிட்டான். முன்றலில் நின்ற ஆமிக்காரர்கள் வேறு முகாமிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆண்களை வரிசையாக்கி, ஒருவர் பின் ஒருவராக என் முன்னால் நடக்கவிட்டார்கள். உங்களுக்கு விளங்கியிருக்கும். சாக்கு மூடி, கண்ணுக்கு இரண்டு கீறல் வைத்து, ஜீப்புக்குப் பக்கத்தில் இருத்தினால் அது யார் என்று அந்த நாளில் எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலையாட்டி. ஆமி கொண்டுவருகிற, முகம் மூடிய காட்டிக்கொடுப்பவன். அவன் தலையை ஆட்டினால் போகிறவன் போனதுதான். எனக்கு மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. கக்கூசுக்குப் போகிற சாக்கு அது. என் மனுசன் எனக்குத் தைத்த சாக்கு. வேறு விதமாக நினைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, வியர்த்து, என்னைப் பாராமல் போனார்கள். வருத்தம் தொத்திவிடும் என்று பயப்படுகிறார்கள், பார்க்கவும் அருவருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் கையால் சோறு தின்றவர்கள் எத்தனையோ பேர் அதில். ஒருவர் கூட நிமிரவில்லை.

அருமைநாயகம் நிமிர்ந்தார்.

நெற்றியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து, இரண்டு கீறலுக்குள்ளும் என் கண்ணை நேராகப் பார்த்தார். அவர் மற்றவர்களைப் போலப் பயப்படுகிற மனிதரில்லை, தலையாட்டியைக் கண்ணுக்குக் கண் பார்க்கிற ஆங்காரம் அது. எனக்கு அது தெரியாது. இத்தனை பேரில் இவர் ஒருவராவது என்னைப் பார்த்தாரே என்று கண் நிறைந்துபோனது. பதினொரு வருடம் தொண்டைக்குள் கிடந்த சொல் வெளியே வரவில்லை. வந்தது தலையசைப்பு ஒன்றுதான். வாங்க மச்சான் என்று மெல்லத் தலையை ஆட்டினேன்.

இரண்டு ஆமிக்காரர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். கையைப் பின்னால் கட்டி, முன்றலுக்கு அந்தப் பக்கம் நின்ற ட்றக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வரிசையின் கடைசியிலிருந்து என் மனுசன் கத்துவது கேட்டது. "அது என்ட மனிசி! ஐயோ, அது சீதேவி! வருத்தக்காரி!" துவக்குப் பிடியால் ஒரு அடி விழுந்த சத்தம். பிறகு ஊர் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சீதேவி பழைய பகையைத் தீர்த்துவிட்டாள் என்று அத்தனை கண்ணும் சொன்னது. சத்தியமாகச் சொல்கிறேன், வருத்தம் திரும்பி வந்துவிட்டது என்று டொக்டரம்மா சொன்ன நாளில் கூட நான் அப்படி நடுங்கவில்லை. எழும்பி ட்றக்குப் பக்கம் ஓடினேன். பக்கத்தில் நின்றவனிடம், "நான் ஆளக் காட்டல, வாங்க எண்டு சொன்னன்" என்று சாக்குக்குள்ளிருந்து கத்தினேன். அவன் மரியாதையாக என்னைக் கதிரைப் பக்கம் திருப்பினான். சாக்குக்குள் இருக்கிற வரைக்கும் நான் என்ன சொன்னாலும் அது தலையாட்டியின் பேச்சுத்தான். முகம் காட்டிய தலையாட்டியை யாரும் கண்டதில்லை. காட்டினால் அவன் தலையாட்டியே இல்லை.

நட்ட வெயிலில் நின்று சாக்கைக் கழற்றி எறிந்தேன்.

மயிரில்லாத மொட்டைத் தலை, ஒரு பக்கம் தட்டையான சட்டை. ஆமிக்காரன் வாயைப் பிளந்தான். வகுப்பறையிலிருந்து பெண்கள் "சீதேவியக்கோ" என்று குழறி அழுதார்கள். நான் ட்றக்கின் பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கெப்டனக் கூப்பிடு. கடிதம் அவரிட்டக் கிடக்கு. இந்த மனிசன இறக்கு."

முதலில் வெயில் இதமாக இருந்தது. பத்தொன்பது நாள் காணாத பிள்ளை வந்து கன்னத்தைத் தடவியது போல. பிறகு மருந்து எழும்பியது. மிளகாய் அரைத்த கையை முகத்தில் தேய்த்தால் எப்படி இருக்கும், அப்படித் தொடங்கி, தோலுக்கு உள்ளேயிருந்து எரிந்தது. ஒரு ஆமிக்காரன் சாக்கை எடுத்து வந்து போடு போடு என்று கையால் காட்டினான். பாவம், அவனுக்கும் மனம் கேட்கவில்லை. போட்டால் நான் மறுபடி தலையாட்டி, ட்றக் போய்விடும்.

"அவர இறக்கு. மறுகா போடுறன்" என்றேன். சாக்கை நிலத்தில் போட்டுவிட்டு ரேடியோவில் பேசப் போனான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணித்தியாலம் என்று மனுசன் பிறகு சொன்னார். ஒரு கட்டத்தில் எரிவு எங்கேயோ தூரத்தில், வேறு யாருடையதோ போலப் போனது. முன்றல் வெள்ளையாகி மிதந்தது. பிறகு ஒரு மாதம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் முகமும் தலையும் கையும் கொப்புளித்து, தோல் உரிந்து கிடந்தேன். பிழைக்கமாட்டேன் என்று இரண்டு தரம் என் மனுசனிடம் சொன்னார்களாம். அதே மாதத்தில் நெஞ்சில் சிவப்பு விளக்குப் பிடித்த இடம் கறுத்து, பொருக்கு விட்டு, அடியில் இளந்தோல் வந்தது. ஒரே மருந்துதான் இரண்டையும் செய்தது.

அன்று அந்த வெயிலில் நான் நின்ற நேரமெல்லாம் ட்றக்குக்குள்ளிருந்து அருமைநாயகம் ஏதோ கத்திக்கொண்டே இருந்தார். ஏச்சா, கெஞ்சலா என்று காதுக்குப் பிடிபடவில்லை. என் கண்ணில் நீர் கொட்டி, இமை வீங்கி ஒட்டிக்கொண்டது. பிறகு ஓடி வருகிற சப்பாத்துச் சத்தம். கெப்டனின் குரல் சிங்களத்தில் உயர்ந்தது. கடதாசி விரிகிற சத்தம். கயிற்றை அறுக்கிற சத்தம். பலகை இறங்கி, யாரோ மணலில் குதித்தார்கள்.

யாரோ சாக்கை எடுத்து மண்ணை உதறினார்கள். வாவிச் சேறும் மீனும் மணத்தது.

"விசர்ப் பொம்புள" என்றார் அருமைநாயகம். "எனக்காகவா இந்த வெயில் குடிச்ச? கையக் குடு மச்சாள்."

கையைத் தூக்க முடியவில்லை. அவரே சாக்கைத் தலைக்கு மேலால் போட்டு, எரிகிற தோலில் உராயாமல் மெல்ல மெல்ல இழுத்துவிட்டார். கீறல் கண்ணுக்கு நேரே வரவில்லை போலிருக்கிறது. இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினார், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"கண் தெரியுதா மச்சாள்?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று தலையை ஆட்டப்போனேன். கழுத்து தானாகவே நின்றுவிட்டது. ஊரில் அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

"ஓம் மச்சான்" என்று முன்றல் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.